நிறுவனத்தின் எழுத்துக்கு எது முகவரி?

2012 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபெடரல் நீதிமன்றத்தில் ஆரக்கிளும் கூகுளும் மோதிய வழக்கில், நான்கரை ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட ஒரு சிறு வலைப்பதிவு ஆதாரமாக வைக்கப்பட்டது. எழுதியவர் ஜானதன் ஷ்வார்ட்ஸ். ஜாவா மொழியை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி. 2007 நவம்பர் 5 அன்று ஆண்ட்ராய்டு அறிவிக்கப்பட்டபோது கூகுளை மனமார வாழ்த்தி அவர் எழுதியிருந்தார். சன்னைப் பிற்பாடு விலைக்கு வாங்கிய ஆரக்கிள், ஜாவா மீதான தன் உரிமையை ஆண்ட்ராய்டு மீறிவிட்டது என்று வழக்குத் தொடுத்தது. அன்றைக்கு ஜாவாவின் சொந்தக்காரர்களே வாழ்த்தினார்களே என்று அந்தப் பதிவை எடுத்து நீட்டியது கூகுள். அது ஒரு தனிமனிதர் எழுதியதா, நிறுவனம் பேசியதா என்ற கேள்வி அங்கே எழுந்தது. நிறுவனத்தின் வலைப்பதிவுதான் என்று ஷ்வார்ட்ஸ் சாட்சியம் சொன்னார்.

ஒரு நிறுவனம் தன் வலைப்பதிவைத் தன் முதன்மை இணையதளத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டுமா, தனிப் பெயரில் தனித் தளமாக நடத்த வேண்டுமா என்ற கேள்வியைப் பெரும்பாலும் விளம்பரப் பிரிவும் தொழில்நுட்பப் பிரிவும் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகின்றன. தேடுபொறியில் முன்னால் வருமா, சர்வர் தாங்குமா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சன்னின் கதையைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் வேறு இடத்தில் இருப்பது தெரியும். எந்த முகவரியில் எழுதுகிறோம் என்பதே, எழுதியதற்கு யார் பொறுப்பு என்பதையும், நாளைக்கு அதை அழிக்கும் அதிகாரம் யார் கையில் என்பதையும் தீர்மானிக்கிறது. நிறுவனத்தின் சொல் நிறுவனத்தின் முதன்மை முகவரியில் இருக்க வேண்டும். ஊழியரின் சொல் ஊழியரின் சொந்த முகவரியில் இருக்க வேண்டும். இரண்டையும் கலந்து வைத்த இடங்களில்தான் சிக்கல் வந்திருக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

சன் திறந்த கதவு

2004-ல் சன் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. நிறுவனப் பெயருக்குக் கீழேயே ஒரு சப்டொமைனைத் திறந்து, எந்த ஊழியரும் முன் அனுமதி இல்லாமல் அங்கே எழுதலாம் என்றது. ரகசியத்தை வெளியிடாதே, நிதி விவரம் பேசாதே, தெரிந்ததை எழுது என்கிற மாதிரியான சில எளிய விதிகள் மட்டுமே இருந்தன. அந்த விதிகளை வகுத்ததில் முக்கியப் பங்கு டிம் பிரேக்கு உண்டு. எக்ஸ்எம்எல் என்ற தரத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான அவர் அந்த ஆண்டுதான் சன்னில் சேர்ந்திருந்தார். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் எழுதினார்கள். ஷ்வார்ட்ஸும் எழுதத் தொடங்கினார். 2006-ல் தலைமைச் செயல் அதிகாரி ஆன பிறகும் விடவில்லை.

அந்த 2006-ன் இலையுதிர் காலத்தில் அவர் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்தின் தலைவர் கிறிஸ்டோஃபர் காக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2000-ல் நடைமுறைக்கு வந்த ஒரு விதிதான் அதற்குக் காரணம். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை ஒரு நிறுவனம் சில ஆய்வாளர்களிடமோ பெருமுதலீட்டாளர்களிடமோ மட்டும் சொல்லக்கூடாது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்பது அந்த விதி. எல்லோருக்கும் சொல்வதென்றால் நடைமுறையில் கட்டணச் செய்தி நிறுவனங்கள் வழியே அறிக்கை விடுவது என்றாகியிருந்தது. உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக்கூடிய எங்கள் இணையதளத்தில் வெளியிட்டால் அது எல்லோருக்கும் சொன்னதாகாதா என்று ஷ்வார்ட்ஸ் கேட்டார். காக்ஸ் தன் பதிலை ஷ்வார்ட்ஸின் வலைப்பதிவிலேயே பின்னூட்டமாக இட்டார். ஒரு ஒழுங்காணையத் தலைவர் அப்படிப் பதிலளித்ததே அந்நாளில் செய்தியானது.

2008 ஆகஸ்டில் ஆணையம் வெளியிட்ட விளக்க ஆவணம் இன்றைக்கும் இந்த விவாதத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய ஒன்று. முதலீட்டாளர்கள் தகவலுக்காக வழக்கமாக வந்து பார்க்கும் இடமாக நிறுவனத்தின் இணையதளம் அறியப்பட்டிருந்தால், அங்கே வெளியிடுவதையும் பொதுவெளியீடாகக் கருத முடியும் என்றது அது. நிறுவனத்தின் சார்பில் வலைப்பதிவில் சொல்லப்படுவதற்கும் மோசடித் தடுப்புச் சட்டங்கள் பொருந்தும் என்றது. நிறுவனத்துக்காகப் பேசுகிறவர், இது என் சொந்தக் கருத்து என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தப்ப முடியாது என்றும் தெளிவாக்கியது.

அங்கீகரிக்கப்பட்ட முகவரி எவ்வளவு முக்கியம் என்பதை நெட்ஃபிளிக்ஸ் விவகாரம் காட்டியது. 2012 ஜூலையில் அதன் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், சந்தாதாரர்கள் ஒரே மாதத்தில் 100 கோடி மணி நேரத்துக்கு மேல் பார்த்துவிட்டார்கள் என்று தன் சொந்த ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். நிறுவனத் தளத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை. ஆணையம் விசாரணையில் இறங்கியது. 2013 ஏப்ரலில் நடவடிக்கை எதுவும் எடுக்காமல், ஒரு விளக்கத்தோடு முடித்தது: சமூக ஊடகத்தில் வெளியிடலாம்; எங்கே வெளியிடுவோம் என்பதை முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இருபது லட்சம் பேர் படித்தார்களா, இரண்டாயிரம் பேர் படித்தார்களா என்பதைவிட, எங்கே தேடுவது என்று படிக்கிறவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே சட்டத்தின் கேள்வி.

நம் நாட்டிலும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு இந்தக் கடமை உண்டு. செபியின் 2015-ம் ஆண்டு விதிமுறைகள் ஒவ்வொரு பட்டியல் நிறுவனமும் இயங்கும் நிலையில் உள்ள இணையதளம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. பங்குச் சந்தைக்குத் தெரிவித்த முக்கிய நிகழ்வுகளைக் குறைந்தது ஐந்தாண்டு அந்தத் தளத்தில் வைத்திருக்கவும், அதன் பிறகு என்ன செய்வது என்பதற்கு ஆவணப் பாதுகாப்புக் கொள்கை வகுக்கவும் சொல்கின்றன. வலைப்பதிவுக் கட்டுரைகள் எல்லாம் இந்த வகையில் சேரா. ஆனால் நிறுவனத்தின் சொல்லுக்கு ஓர் இடமும் ஒரு காலவரையும் வேண்டும் என்ற கொள்கை இரண்டுக்கும் பொது.

தேடுபொறி சொல்வதும் சொல்லாததும்

அலுவலகக் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவது தேடுபொறி வாதம். நிறுவன முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு வலைப்பதிவை வைத்தால், கட்டுரைகளுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் இணைப்புகளின் மதிப்பு முழுத் தளத்துக்கும் சேரும். சப்டொமைனில் வைத்தால் அது பிரிந்துபோகும் என்பது தேடுபொறி வல்லுநர்களில் ஒரு சாராரின் நெடுநாள் கருத்து. கூகுளின் தரப்பு வேறு. அதன் ஜான் முல்லர் 2017-ல் வெளியிட்ட விளக்கத்தில் இரண்டு முறையும் கூகுளுக்குச் சம்மதமே என்றார். நீண்ட காலம் மாற்றாமல் வைத்திருக்கக்கூடிய அமைப்பைத் தேர்ந்தெடுங்கள் என்றும் சொன்னார்.

இடம் மாற்றியதும் வாசகர் வரத்து கூடியது என்று சொல்லும் அனுபவங்கள் பல உண்டு. அவற்றை எடைபோடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வலைப்பதிவை நகர்த்தும் நிறுவனம் அதை மட்டும் செய்வதில்லை. பழைய கட்டுரைகளைத் திருத்துகிறது, பக்க வடிவமைப்பை மாற்றுகிறது, உள் இணைப்புகளைக் கூட்டுகிறது. கூடிய வரத்தில் எவ்வளவு பங்கு முகவரிக்கு உரியது என்று பிரித்துச் சொல்வது கடினம். முற்றிலும் வேறு பெயரில் தொடங்கும் தளத்தின் நிலை மட்டும் ஐயத்துக்கு இடமற்றது: அது பூஜ்யத்தில் இருந்து தன் பெயரைச் சம்பாதிக்க வேண்டும். ஆக, இந்த வாதம் முதன்மைத் தளத்தின் பக்கம் சற்றே சாய்கிறது. தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு வலுவானதல்ல.

பாதுகாப்பு வாதம் இதைவிடக் கனமானது. உலகின் வலைப்பதிவுகளில் பெரும்பங்கு வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் ஓடுகிறது. அதில் செருகப்படும் சிறு நிரல்கள் பல கைகளிலிருந்து வருபவை. புதுப்பிக்கத் தவறினால் ஓட்டை விழும். ஒரே முகவரியில் இருக்கும் பக்கங்களை பிரவுசர் ஒரே குடும்பமாகப் பார்க்கிறது. வலைப்பதிவில் புகுந்த தீய நிரல், அதே முகவரியில் வாடிக்கையாளர் உள்நுழையும் பக்கத்தையும் எட்டிவிடலாம். இந்த அச்சம் நியாயமானதே. 2013-ல் கிட்ஹப், பயனர்கள் உருவாக்கும் பக்கங்களைத் தன் முதன்மை டொமைனிலிருந்து அகற்றி வேறொரு டொமைனுக்கு மாற்றியதும் பாதுகாப்புக்காகத்தான்.

ஆனால் இந்த அச்சத்துக்கு மருந்து வலைப்பதிவை வெளியே அனுப்புவது அல்ல. வாடிக்கையாளர் கணக்கும் பணப் பரிமாற்றமும் நடக்கும் பகுதியைத்தான் தனி சப்டொமைனில் காவலோடு வைக்க வேண்டும். நிறுவன அறிமுகம், பொருள் விவரம், கட்டுரைகள் ஆகிய பொதுப் பக்கங்கள் ஒன்றாக இருக்கலாம். வலைப்பதிவு தனி சர்வரில் ஓடினாலும், முன்னால் ஓர் இடைச்செயலி சர்வர் நின்று அதை முதன்மை முகவரியின் கீழேயே காட்ட முடியும். பல நிறுவனங்கள் இன்று இப்படித்தான் செய்கின்றன.

வலைப்பதிவைத் தள்ளி வைத்தால் பெயருக்குக் காப்பு என்று நினைப்பதும் சரியல்ல. 2012 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் வலைப்பதிவுத் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், சிரியப் போர் பற்றிய போலிச் செய்திகளை அங்கே ஏற்றினார்கள். நடக்காத ஒரு பேட்டியும் அதில் இருந்தது. அந்த வலைப்பதிவுகள் சப்டொமைனில்தான் இருந்தன. படித்தவர் யாரும் சப்டொமைன் என்று பிரித்துப் பார்க்கவில்லை. ராய்ட்டர்ஸ் என்ற பெயரைத்தான் பார்த்தார்கள்.

மறைத்து வைத்த பெயர்கள்

தனித் தளம் வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் நம்பிக்கை சார்ந்தது. நிறுவனத் தளத்தில் வருவதை வாசகர் விளம்பரம் என்றே எடுத்துக்கொள்வார். தனிப் பெயரில் வந்தால் கட்டுரையைக் கட்டுரையாகப் படிப்பார் என்கிறார்கள். வரலாறு இதை ஆதரிக்கவில்லை.

2006-ல் அமெரிக்காவில் ஒரு ஜோடி, பெரிய வேனில் ஊர் ஊராகப் போய் வால்மார்ட் கடைகளின் வண்டி நிறுத்தங்களில் தங்கி, அங்கே சந்தித்த மனிதர்களைப் பற்றி ஒரு வலைப்பதிவில் எழுதிவந்தது. படிக்க இனிமையாக இருந்தது. வால்மார்ட்டை ஆதரிக்கும் ஓர் அமைப்பு பயணச் செலவை ஏற்றிருந்தது. அந்த அமைப்பின் பின்னால் வால்மார்ட்டும் அதன் மக்கள் தொடர்பு நிறுவனமான எடெல்மனும் இருந்தன. அந்த அக்டோபரில் இதைப் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. எடெல்மன் நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே கட்டுரைகள் வால்மார்ட்டின் பெயரிலேயே வந்திருந்தால் படித்தவர்கள் குறைவாக இருந்திருக்கலாம், அவமானம் இருந்திருக்காது.

2014-ல் வெரிசான் தொலைத்தொடர்பு நிறுவனம் ஷுகர்ஸ்ட்ரிங் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தைத் தொடங்கியது. அங்கே எழுத வருகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தொடக்கூடாது என்று சொல்லப்பட்டதாகச் செய்தி வெளியானது: இணையச் சமநிலை, அமெரிக்க அரசின் உளவுப் பணி. இரண்டுமே அந்த ஆண்டின் முதன்மையான தொழில்நுட்பச் செய்திகள். இரண்டிலும் வெரிசானுக்கு நேரடித் தொடர்பு இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தளம் மூடப்பட்டது. பெயரை மாற்றினால் நடுநிலை வந்துவிடாது.

நம்பிக்கையைப் பெற்றவர்கள் பெயரை மறைக்கவில்லை. விவசாயக் கருவிகள் செய்யும் ஜான் டீர் நிறுவனம் 1895-ல் தொடங்கிய 'தி ஃபரோ' இதழ் இன்றும் வருகிறது. அது உழவர்களுக்கு உழவைப் பற்றிச் சொல்கிறது. டிராக்டரை விற்பது அதன் பக்கங்களில் முதல் வேலை இல்லை. 1900-ல் மிஷலின் டயர் நிறுவனம் கார் ஓட்டிகளுக்காக ஒரு வழிகாட்டியை இலவசமாக வெளியிட்டது. கார் பழுது பார்க்கும் இடம், பெட்ரோல் கிடைக்கும் இடம், தங்கும் விடுதி எல்லாம் அதில் இருந்தன. 1920-ல் அதற்கு விலை வைத்தார்கள். 1926-ல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். பெயர் சொல்லாமல் போய்ச் சாப்பிட்டு மதிப்பிடும் ஆய்வாளர்களால் அந்த நட்சத்திரங்களுக்கு மதிப்பு வந்தது. டயர் நிறுவனத்தின் பெயர் அட்டையிலேயே இருந்தும் உலகின் சமையற்காரர்கள் அதற்கு அஞ்சுகிறார்கள். நிறுவனத்தின் பெயர் மேலே, ஆசிரியர் குழுவின் சுதந்திரம் உள்ளே என்ற அமைப்புதான் பலன் தந்திருக்கிறது.

நிறுவனத் தளத்தில் எழுதினால் சட்டப் பிரிவும் விளம்பரப் பிரிவும் உயிரை எடுத்துவிடும் என்ற முறையீட்டுக்கும் இதுவே பதில். மைக்ரோசாஃப்ட்டின் மூத்த பொறியாளர் ரேமண்ட் சென், 2003 முதல் அந்த நிறுவனத்தின் முகவரிகளிலேயே எழுதிவருகிறார். விண்டோஸில் ஒரு பட்டன் ஏன் அப்படி இருக்கிறது, பழைய நிரல் ஒன்றுக்காக எந்தக் கோணலைச் சகித்துக்கொண்டோம் என்பதையெல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லும் எழுத்து அது. எழுதவிடும் மனம் நிறுவனத்துக்கு இருந்தால் முகவரி தடையாக இல்லை.

சாவி யாரிடம்?

2009 ஏப்ரலில் சன்னை ஏறக்குறைய 740 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. 2010 ஜனவரியில் கைமாற்றம் முடிந்தது. சன்னின் முகவரிகள் ஆரக்கிள் வசமாயின. வழக்கு சூடுபிடித்த 2011-ல், ஷ்வார்ட்ஸின் பழைய வாழ்த்துப் பதிவு ஆரக்கிளின் தளத்தில் இல்லை என்பதை க்ரோக்லா என்ற சட்டச் செய்தித் தளம் எடுத்துக்காட்டியது. நகல்கள் வேறு இடங்களில் இருந்ததால் அது நீதிமன்றம் வரை வந்து சேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 ஏப்ரல் 5 அன்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகுளுக்குச் சாதகமாக முடிந்தது. தீர்ப்பு நியாயப் பயன்பாட்டின் அடிப்படையில் வந்தது; வாழ்த்துப் பதிவு மட்டும் வழக்கைத் தீர்க்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் ஊரறியச் சொன்ன சொல்லை, அதன் வாரிசு சத்தமில்லாமல் எடுத்துவிட முடிந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இதே கதையில் இன்னொரு முகவரியும் உண்டு. சன் ஊழியர்களுக்கு எழுத்து விதிகள் வகுத்த டிம் பிரே, தன் எழுத்தைத் தன் சொந்தப் பெயரிலான தளத்தில்தான் வைத்திருந்தார். 2003-ல் தொடங்கியது அது. சன்னில் இருந்தபோதும், 2010-ல் கூகுளுக்குப் போனபோதும், 2014-ல் அமேசானில் சேர்ந்தபோதும் தளம் அவரோடு வந்தது. பணியிடப் பாதுகாப்பைப் பற்றிக் குரல் எழுப்பிய ஊழியர்களை அமேசான் நீக்கியதை ஏற்க முடியாமல் 2020 மே மாதம் துணைத் தலைவர் பதவியைத் துறந்தபோது, அதை அறிவித்ததும் அந்தத் தளத்தில்தான். நிறுவனத் தளத்தில் அந்தக் கடிதம் வந்திருக்க வழியில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்தால் விதி தெளிவாகிறது. ஷ்வார்ட்ஸ் எழுதியது நிறுவனத்தின் சொல். அது நிறுவன முகவரியில் இருந்ததால்தான் அதற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் வாதம் எழுந்தது. பிரே எழுதியது தனி மனிதரின் சொல். சொந்த முகவரியில் இருந்ததால் எந்த முதலாளியாலும் அதை அழிக்க முடியவில்லை.

பழைய பதிவுகளை விட்டுவைத்தால் வழக்கு வரும் என்று சட்டப் பிரிவுகள் அஞ்சுவது உண்டு. மேலே சொன்ன 2008 ஆவணம் அதற்கும் பதில் சொல்கிறது: பழைய அறிக்கை தளத்தில் இருந்துகொண்டிருக்கிறது என்பதாலேயே நிறுவனம் அதை இன்று மறுபடி சொல்வதாகாது. பழையது என்று படிப்பவருக்குத் தெரியும்படி தேதியிட்டு, தனிப்பகுதியில் வைத்தால் போதும். அழிப்பதற்குச் சட்டத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு விலக்கு

எதைத் தனியே வைக்க வேண்டும் என்பதற்கு உறுதியான ஒரு பதில் உண்டு: சேவை முடங்கும் நேரத்தில் நிலைமையைச் சொல்லும் பக்கம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, வட வர்ஜீனியா மையத்தில் தவறாகத் தட்டச்சிடப்பட்ட ஒரு கட்டளையால் பல மணி நேரம் முடங்கியது. எந்தச் சேவை நன்றாக இருக்கிறது, எது முடங்கியிருக்கிறது என்று காட்ட வேண்டிய அமேசானின் நிலவரப் பலகையை அவர்களால் மாற்ற முடியவில்லை; அதை இயக்கும் கருவியும் எஸ்3-யை நம்பியே இருந்தது. நிலவரத்தை ட்விட்டரில் சொல்ல வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முழுதாக விழுந்தபோதும் மன்னிப்பு வந்தது ட்விட்டரில்தான். நெருக்கடியில் பேச வேண்டிய பக்கம் வேறு சர்வரில், வேறு டொமைனில், நிறுவனத்தின் பெயரோடு இருக்க வேண்டும். அதன் முகவரியை முதன்மைத் தளத்தில் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

நிறுவனத்தின் சார்பில் எழுதுவது எதுவானாலும் முதன்மை இணையதளத்தின் முகவரியிலேயே, எழுதியவர் பெயரோடும் தேதியோடும் வரட்டும். விளம்பரப் பிரிவுக்கு வெளியே ஓர் ஆசிரியரை நியமித்து, எதை வெளியிடலாம் என்பதை அவர் முடிவுக்கு விடுங்கள். வாடிக்கையாளர் உள்நுழையும் பகுதியைத் தனியே பூட்டி வையுங்கள். மென்பொருள் மாறினாலும், நிறுவனத்தின் பெயரே மாறினாலும், பழைய முகவரி தட்டியவரைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே வலியுறுத்தினார். இருபத்தைந்து ஆண்டு கடந்தும் பெரும்பாலான நிறுவனங்கள் அதைச் செய்வதில்லை. திருத்தினால் திருத்தியதைச் சொல்லுங்கள். நிறுவனத்தை விற்கும்போது, பழைய பதிவுகள் அழிக்கப்படாது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்.

இது வெறும் நிறுவனங்களின் நலனுக்காகச் சொல்வதல்ல. நம் மருந்தையும் வங்கியையும் கைப்பேசியையும் நடத்துபவர்கள் நம்மிடம் என்ன சொன்னார்கள் என்பதற்கு வேறு பதிவேடு இல்லை. செய்தித்தாள் அறிவிப்பு நூலகத்தில் கிடைக்கும். இணையத்தில் மட்டும் சொன்ன வாக்குறுதி, சொன்னவர் எடுத்துவிட்டால் போயிற்று. ஆகவே வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு நிறுவனத்தின் கட்டுரையை நம்புவதற்கு முன் பிரவுசரின் மேலே உள்ள முகவரியைப் பாருங்கள். அதில் நிறுவனத்தின் சொந்தப் பெயர் இல்லையென்றால், யார் செலவில் இந்த எழுத்து என்று கேளுங்கள். பெயர் இருந்து, சொன்னது உங்களைப் பாதிப்பதாகவும் இருந்தால், ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.